சாலைப் போக்குவரத்து மனுவும் நகராட்சியின் பதிலும்: எழுதுவதும் வாசிப்பதும் தொடர்வதும்

தெருவில் வாகனங்கள் கண்மண் தெரியாத வேகத்தில் போகின்றன, பள்ளி விடும் நேரத்தில் சாலையைக் கடக்க முடியவில்லை, கடைகளின் முன்னால் இருபுறமும் வண்டிகள் நிற்பதால் பேருந்து திரும்ப இடமில்லை என்று தமிழ்நாட்டின் நகராட்சிகளுக்கும் மாநகராட்சிகளுக்கும் குடியிருப்போர் மனு எழுதிக்கொண்டேயிருக்கிறார்கள். அவற்றுக்கு வரும் பதில்களும் பெரும்பாலும் ஒரே வார்ப்பில் இருக்கும். ‘உரிய நடவடிக்கை எடுக்கப்படும்’, ‘தொடர்புடைய துறைக்கு அனுப்பப்பட்டுள்ளது’, ‘நிதிநிலைமைக்கேற்பப் பரிசீலிக்கப்படும்’ என்ற வரிகளைப் படித்துவிட்டுச் சலிப்போடு தாளை மடித்து வைத்துவிடுவோரே அதிகம். ஆனால் அந்த வரிகள் ஒவ்வொன்றும் மனு எந்த மேசையில், எந்தக் கட்டத்தில் நிற்கிறது என்பதைக் காட்டுகின்றன. அதை அறிந்து எழுதப்படும் இரண்டாவது கடிதத்துக்குத்தான் பெரும்பாலும் காரியம் நடக்கிறது. ஆகவே இந்த வழிகாட்டி மனு எழுதுவதைவிட, வந்த பதிலை என்ன செய்வது என்பதிலேயே அதிகம் நிற்கும்.

சாலை யாருடையது, முடிவு யாருடையது

மனு எழுத உட்காரும் முன் இரண்டு கேள்விகளுக்கு விடை தெரிந்திருக்க வேண்டும். அந்தச் சாலையைப் பராமரிப்பது எந்த அமைப்பு? நீங்கள் கேட்கும் மாற்றத்தைச் செய்யும் அதிகாரம் யாரிடம் இருக்கிறது? இவை இரண்டும் ஒரே அலுவலகமாக இருக்க வேண்டும் என்பதில்லை.

ஊருக்குள் போகும் சாலை எல்லாம் நகராட்சியின் சாலை என்று எண்ணுவது பொதுவான பிழை. பல ஊர்களில் கடைத்தெருவின் நடுவே போகும் முக்கியச் சாலை மாநில நெடுஞ்சாலைத் துறையின் பொறுப்பில் இருக்கும். சில ஊர்களில் அது தேசிய நெடுஞ்சாலையாகவே இருக்கும். இதை அறிய எளிய வழி சாலையோரக் கிலோமீட்டர் கல்லைப் பார்ப்பது. கல்லின் தலைப்பகுதி மஞ்சளாக இருந்தால் தேசிய நெடுஞ்சாலை, பச்சையாக இருந்தால் மாநில நெடுஞ்சாலை. மாவட்ட முக்கியச் சாலைகளும் மாவட்ட இதரச் சாலைகளும் நெடுஞ்சாலைத் துறையின் கோட்டப் பொறியாளர் கீழே வருகின்றன. ஊராட்சி ஒன்றியச் சாலைகள் வட்டார வளர்ச்சி அலுவலகத்தின் கீழே வருகின்றன. சென்னையில் மாநகராட்சிக்குள்ளேயே பேருந்து தடச் சாலைகளுக்குத் தனித் துறையும் உட்புறச் சாலைகளுக்கு மண்டல அலுவலகமும் பொறுப்பு என்பதால், ஒரே தெருமுனையின் இரு பக்கங்களுக்கும் இரண்டு பொறியாளர்கள் இருப்பதுண்டு.

அதிகாரம் என்று வரும்போது இன்னும் சிக்கல் கூடும். வேகத்தடை, நடைபாதை, தடுப்புச் சுவர், தெருவிளக்கு, சாலைக் குறியீடு ஆகியவை சாலையை வைத்திருக்கும் அமைப்பின் பணிகள். ஆனால் ஒருவழிப் பாதை அறிவிப்பதும், குறிப்பிட்ட நேரத்தில் கனரக வாகனங்களைத் தடை செய்வதும், வேக வரம்பு விதிப்பதும் 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்தின்படி மாநில அரசோ அது அதிகாரம் அளித்த அலுவலரோ செய்ய வேண்டியவை. வேக வரம்புக்குப் பிரிவு 112, வாகனத் தடைக்குப் பிரிவு 115, சாலை அடையாளப் பலகைகளுக்குப் பிரிவு 116, வாகன நிறுத்துமிடங்களுக்கும் பேருந்து நிறுத்தங்களுக்கும் பிரிவு 117. நடைமுறையில் இவை மாவட்ட ஆட்சியர், காவல்துறை, வட்டாரப் போக்குவரத்து அலுவலர் ஆகியோரின் வழியாகவே நகர்கின்றன. பிரிவு 117இல் மட்டும் உள்ளாட்சி அமைப்பைக் கலந்து முடிவெடுக்க வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. எனவே ‘எங்கள் தெருவை ஒருவழியாக்குங்கள்’ என்று நகராட்சி ஆணையருக்கு மட்டும் எழுதினால், அவர் நல்ல எண்ணம் உடையவராக இருந்தாலும் ‘இவ்வலுவலக வரம்புக்கு உட்பட்டதன்று’ என்று எழுதுவதைத் தவிர அவருக்கு வேறு வழியில்லை.

கையில் இருக்க வேண்டிய சான்று

பொறியாளரின் கண்ணோட்டத்தில் மனு என்பது ஒரு கோப்பு. அதில் அவர் மேலே எடுத்துச் செல்லக்கூடிய எண் ஒன்றாவது இருந்தால் கோப்பு நகரும். ‘எந்நேரமும் நெரிசல்’ என்பதற்குப் பதிலாக, ஒரு வேலை நாளில் காலை 8 மணி முதல் 9 மணி வரை அந்த இடத்தைக் கடந்த பாதசாரிகள் எத்தனை பேர், வாகனங்கள் எத்தனை என்று எண்ணிச் சேர்ப்பது எவராலும் ஆகக்கூடிய வேலை. இதற்குப் பயன்படும் அளவுகோலும் உண்டு. சாலைப் பணிகளுக்கான தரநிலைகளை வகுக்கும் அமைப்பான இந்தியச் சாலைக் காங்கிரஸ் (ஐஆர்சி) பாதசாரிகளுக்கான வசதிகளைப் பற்றி வெளியிட்ட ஐஆர்சி 103 என்ற வழிகாட்டு நெறிகளில் நெடுங்காலமாகப் பின்பற்றப்படும் கணக்கு இது: நெரிசல் மிகுந்த ஒரு மணி நேரத்தில் செல்லும் வாகன எண்ணிக்கையை அதே எண்ணால் பெருக்கி, வந்த தொகையைக் கடக்கும் பாதசாரிகளின் எண்ணிக்கையால் பெருக்க வேண்டும், நடுத்தடுப்பு இல்லாத சாலையில் விடை 10 கோடியையும், நடுத்தடுப்பு உள்ள சாலையில் 20 கோடியையும் தாண்டினால் அங்கே வாகனங்களை நிறுத்திப் பாதசாரிகளைக் கடக்கவிடும் கட்டுப்பாட்டுடன் கூடிய கடவு தேவை என்று கொள்ளலாம். 600 வாகனங்களும் 300 பாதசாரிகளும் என்றால் விடை 10 கோடியே 80 லட்சம். பெரிய சாலை என்று சொல்ல முடியாத ஓர் இடமே இந்த வரம்பைத் தாண்டிவிடுவதைப் பார்க்கலாம்.

விபத்துகளைப் பற்றிக் கேள்விப்பட்டதை எழுதாமல், முதல் தகவல் அறிக்கை பதிவான விபத்துகளின் எண்ணிக்கையைக் காவல் நிலையத்திடம் தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் கேட்டுப் பெறுவது நல்லது. தேசிய நெடுஞ்சாலையில் 500 மீட்டர் நீளத்துக்குள் மூன்று ஆண்டுகளில் உயிரிழப்போ கொடுங்காயமோ ஏற்படுத்திய 5 விபத்துகள் நடந்திருந்தாலோ, 10 பேர் இறந்திருந்தாலோ அதை விபத்துக் கரும்புள்ளி என்று மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் வரையறுத்திருக்கிறது. உங்கள் இடம் அந்த வரையறைக்குள் வருமானால் மனுவின் முதல் பத்தியிலேயே அதைச் சொல்லுங்கள். வராவிட்டால் அந்தச் சொல்லைப் பயன்படுத்தாதீர்கள். மிகைப்படுத்திய ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு மனு முழுவதையும் ஒதுக்கிவிடுவது அலுவலகங்களில் நடக்காத ஒன்றல்ல.

மனுவை எழுதுதல்

ஒரு மனுவில் ஓர் இடம், ஒரு கோரிக்கை. குப்பையும் தெருநாயும் சாக்கடையும் அதே தாளில் ஏறினால், மனு எந்தப் பிரிவுக்கு எளிதாகப் பதில் எழுத முடியுமோ அந்தப் பிரிவுக்குப் போகும். குப்பை அள்ளப்பட்டதாகப் பதில் வந்து, போக்குவரத்துக் கோரிக்கையும் தீர்ந்ததாகக் கணினியில் பதிவாகிவிடும்.

சிக்கலை விவரிப்பதும் தீர்வைக் கேட்பதும் வேறு வேறு. எங்கும் எல்லோரும் கேட்பது வேகத்தடை. அது கிடைப்பதற்கும் விதி இருக்கிறது என்பதைத் தெரிந்துகொண்டு கேட்பது நல்லது. தேசிய நெடுஞ்சாலைகளில் வேகத்தடைகள் கூடாது என்பது மத்திய அமைச்சகத்தின் நிலைப்பாடு. சிறு சாலைகளில், குறிப்பாகப் பெருஞ்சாலையில் வந்து சேரும் இடத்திலும் பள்ளி, மருத்துவமனை அருகிலும் வைக்கலாம் என்பது ஐஆர்சி 99 வழிகாட்டு நெறி. அதன்படி, மணிக்கு 25 கிலோமீட்டர் வேகத்தில் கடக்கத்தக்க வளைவு வேகத்தடையின் அகலம் 3.7 மீட்டர், உயரம் 10 சென்டிமீட்டர். நம் தெருக்களில் ஒரே இரவில் முளைக்கும் முக்கால் அடி சிமென்ட் மேடுகளுக்கும் இந்த அளவுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. அவை முதுகெலும்பைத் தாக்குகின்றன, ஆம்புலன்ஸைத் தாமதப்படுத்துகின்றன, இரவில் இருசக்கர வாகனத்தைக் கவிழ்க்கின்றன. எனவே ‘வேகத்தடை அமைக்கவும்’ என்று முடிக்காமல், ‘பள்ளி வாயிலில் வாகன வேகத்தைக் குறைக்க ஐஆர்சி 99இன்படி வேகத்தடையோ, உயர்த்தப்பட்ட பாதசாரிக் கடவோ, களஆய்வில் பொருத்தமென்று காணும் வேறு ஏற்பாடோ செய்யவும், எதுவும் இயலாதெனில் காரணத்தை எழுத்தில் தெரிவிக்கவும்’ என்று எழுதுங்கள். கடைசித் தொடருக்கு என்ன பயன் என்பது பின்னால் தெரியும்.

வாகனத் தடையோ ஒருவழிப் பாதையோ கேட்பவர்கள் பிரிவு 115இல் உள்ள ஒரு சிறு வசதியைப் பயன்படுத்திக்கொள்ளலாம். ஒரு மாதத்துக்கு மேற்படாத தடைக்கு அரசிதழ் அறிவிப்பு தேவையில்லை; உள்ளூரில் போதிய விளம்பரம் செய்தால் போதும். நிரந்தர மாற்றத்தைக் கேட்டால் கையெழுத்திடத் தயங்கும் அலுவலர், ஒரு மாதச் சோதனை ஏற்பாட்டுக்கு எளிதில் இசைவார்.

கையொப்பங்களின் எண்ணிக்கையைவிட அவற்றின் முகவரிகள்தான் கணக்கில் வரும். பக்கத்துப் பகுதிகளிலிருந்து சேர்த்த ஐந்நூறு கையொப்பங்களைவிட, அந்தத் தெருவின் இருபுறமும் இருக்கும் வீட்டுக்காரர்கள், கடைக்காரர்கள், பள்ளித் தலைமையாசிரியர், ஆட்டோ நிறுத்தத்தினர் ஆகியோரின் நாற்பது கையொப்பங்கள் வலுவானவை. காரணம் எளியது. போக்குவரத்து மாற்றம் என்பது ஒருவருக்கு நன்மையென்றால் இன்னொருவருக்குத் தொந்தரவு. ஒருவழிப் பாதை என்றதும் வியாபாரம் போகுமே என்று கடைக்காரர்கள் எதிர்மனு கொடுப்பார்கள், எதிர்மனு வந்த கோப்பைத் திறக்க எந்த அலுவலரும் விரும்பமாட்டார். அவர்களை மனு கொடுக்கும் முன்பே சந்தித்து, சரக்கு இறக்கும் நேரம் போன்ற ஒன்றிரண்டு விலக்குகளை உங்கள் கோரிக்கையிலேயே சேர்த்துக்கொண்டால் பாதிப் பகை அங்கேயே தணியும். சாலையோர வியாபாரிகளை அகற்றக் கோருவது இன்னும் கவனமாகச் செய்ய வேண்டியது: 2014ஆம் ஆண்டின் சாலையோர வியாபாரிகள் சட்டப்படி 30 நாள் அறிவிப்பு இல்லாமல் அவர்களை அகற்றவோ இடம் மாற்றவோ கூடாது. ‘உடனே அகற்றுக’ என்ற கோரிக்கை சட்டப்படி நிறைவேற்ற முடியாதது. அந்தச் சட்டப்படி அமைக்கப்படும் நகர விற்பனைக் குழுவின் வழியாக மாற்றிடம் கோருவதே நியாயமும் நடக்கக்கூடியதும் ஆகும்.

மனுவை நகராட்சியின் தபால் பிரிவில் நேரில் கொடுத்து, நகலில் முத்திரையும் தேதியும் பெறுங்கள். திங்கட்கிழமைகளில் ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் நாள் கூட்டம், முதல்வரின் முகவரி இணையதளம், 1100 உதவி எண், சென்னையில் 1913 ஆகியவை எல்லாம் பதிவு எண் தரும் வழிகள். தேசிய நெடுஞ்சாலைக்கு 1033 இருக்கிறது. சாலைக் குழி, எரியாத விளக்கு போன்றவற்றுக்கு இந்த வழிகள் போதும். வடிவமைப்பு மாற்றம் கேட்கும் மனுவை மட்டும் தாளில் கொடுத்துவிட்டு, அதன் நகலை நெடுஞ்சாலைத் துறை, போக்குவரத்துக் காவல் ஆய்வாளர், வார்டு உறுப்பினர் ஆகியோருக்கும் அனுப்புவது என் பரிந்துரை. நகல் யார் யாருக்கு என்று மனுவின் அடியிலேயே குறித்தால், பொறுப்பை மற்றவரிடம் தள்ளுவது சற்றுக் கடினமாகும்.

வந்த பதிலை வாசித்தல்

பதில் கடிதத்தில் முதலில் பார்க்க வேண்டியது தலைப்பில் உள்ள ந.க. எண்ணையும் (கோப்பின் பதிவு எண்) தேதியையும், அடுத்து, பதிலுக்கு ஆதாரமான தாள்களைப் பட்டியலிடும் ‘பார்வை’ என்ற பகுதியையும். பார்வையில் உங்கள் மனு மட்டும் இருந்தால் மேசையிலேயே பதில் எழுதப்பட்டிருக்கிறது என்று கொள்ளலாம். உதவிப் பொறியாளரின் அறிக்கை இன்ன நாளிட்டது என்று இருந்தால் யாரோ களத்துக்கு வந்திருக்கிறார்கள். அந்த அறிக்கைதான் இனி உங்களுக்கு வேண்டிய ஆவணம்.

‘தொடர்புடைய துறைக்கு அனுப்பப்பட்டுள்ளது’ என்பது மறுப்பு அன்று. எந்தத் துறைக்கு, எந்த எண், எந்தத் தேதியிட்ட கடிதத்தில் என்பது கடிதத்தில் இருந்தால், அந்த எண்ணை மேற்கோள் காட்டிப் புதிய அலுவலகத்துக்கு எழுதினால் போதும், முழு மனுவையும் மறுபடி கொடுக்க வேண்டியதில்லை. இல்லாவிட்டால், அனுப்பிய கடிதத்தின் நகலைக் கேளுங்கள். இரண்டு துறைகள் ஒன்றையொன்று காட்டிக்கொண்டிருந்தால், இருவரையும் கூட்டுக் களஆய்வுக்கு அழைக்குமாறு ஆட்சியருக்கு மனு கொடுப்பதே அந்த வட்டத்தை உடைக்கும் வழி.

‘நிதிநிலைமைக்கேற்ப’ என்ற பதிலில் நல்ல செய்தி ஒன்று ஒளிந்திருக்கிறது: தேவை ஏற்கப்பட்டுவிட்டது, பணம்தான் கேள்வி. உள்ளாட்சியில் ஒரு பணி களஆய்வு, மதிப்பீடு, நிர்வாக ஒப்புதல், தொழில்நுட்ப அனுமதி, ஒப்பந்தப்புள்ளி, பணியாணை என்ற படிகளில் ஏறுகிறது. மதிப்பீடு தயாரிக்கப்பட்டதா என்பதே நீங்கள் கேட்க வேண்டிய ஒரே கேள்வி. மதிப்பீடு இல்லையென்றால் நிதி இல்லை என்பதற்கும் பொருளில்லை. எவ்வளவு இல்லை என்று யாருக்கும் தெரியாதல்லவா? மதிப்பீடு இருந்தால், அதை மன்றக் கூட்டப் பொருளாக வைக்குமாறு வார்டு உறுப்பினரைக் கேட்கலாம், சட்டமன்ற உறுப்பினரின் தொகுதி மேம்பாட்டு நிதியையும் நாடலாம். மன்றத் தீர்மானம் நிறைவேறிவிட்டால், அதன் எண் உங்கள் கையில் இருக்கும் வரை அந்தக் கோப்பை மூடுவது எளிதன்று.

‘போக்குவரத்துக் காவல்துறையின் கருத்துரு கோரப்பட்டுள்ளது’ என்ற பதிலை நல்லதாகவே எடுத்துக்கொள்ளுங்கள். இந்தக் கட்டத்தில் நகராட்சியைத் துரத்துவதில் பயனில்லை. காவல் ஆய்வாளரை நேரில் சந்தித்து, உங்கள் எண்ணிக்கைப் பட்டியலைக் கொடுத்து, அந்த நேரத்தில் அந்த இடத்தில் நின்று பார்க்குமாறு கேளுங்கள்.

‘களஆய்வு செய்ததில் தேவை எழவில்லை’ என்பதுதான் உண்மையான மறுப்பு. அதற்கும் ‘நடவடிக்கை எடுக்கப்பட்டு மனு முடிக்கப்பட்டது’ என்ற பதிலுக்கும் உடனே பதில் எழுத வேண்டும். எந்த நாளில், எந்த நேரத்தில் ஆய்வு நடந்தது என்று கேளுங்கள். பள்ளி விடும் நேரத்துச் சிக்கலைப் பகல் 12 மணிக்கு வந்து பார்த்தால் சாலை அமைதியாகத்தான் இருக்கும். இணையதளத்தில் தவறாக முடிக்கப்பட்ட மனுவுக்கு அன்றைய தேதியுடன் படம் எடுத்து, பழைய பதிவு எண்ணைக் குறிப்பிட்டுப் புதிய மனு கொடுப்பதே சரி. கோபத்தில் உயரதிகாரிகள் அனைவருக்கும் ஒரே நாளில் எழுதினால் அவை எல்லாம் திரும்பி அதே உதவிப் பொறியாளரின் மேசைக்கே வரும்.

பதிலே வராவிட்டால்

மனுவுக்கு மூன்று நாளுக்குள் ஒப்புகையும் ஒரு மாதத்துக்குள் தீர்வும் தர வேண்டும் என்று தமிழ்நாடு அரசின் ஆணைகள் கூறுகின்றன. ஒரு மாதம் கடந்தால் ஒரு நினைவூட்டல் கடிதம் போதும். அதற்கும் அசைவில்லையெனில் தகவல் உரிமைச் சட்டம், 2005. பத்து ரூபாய்க்கு நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி விண்ணப்பிக்கலாம். 30 நாளுக்குள் தகவல் தர வேண்டும். தராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. தவறான அலுவலகத்துக்கு அனுப்பிவிட்டாலும், பிரிவு 6(3)இன்படி 5 நாளுக்குள் அவர்களே உரிய அலுவலகத்துக்கு மாற்ற வேண்டும்.

ஆனால் கேள்வியை அமைப்பதில்தான் எல்லாமே இருக்கிறது. ‘ஏன் இன்னும் நடவடிக்கை எடுக்கவில்லை’ என்று கேட்டால், அது தகவல் அன்று என்று திருப்பிவிடுவார்கள். கோப்பின் குறிப்புப் பக்கங்களின் நகல், களஆய்வு அறிக்கையின் நகல், மதிப்பீட்டின் நகல், இந்த ஆண்டு அந்த வார்டில் எடுக்கப்பட்ட சாலைப் பணிகளின் பட்டியல் என்று ஆவணங்களைக் கேளுங்கள். மறுப்புக்குக் காரணம் சொல்லாத இடத்தில் பிரிவு 4(1)(ஈ)ஐக் குறிப்பிடுங்கள்: நிர்வாக முடிவுகளுக்கான காரணங்களை அதனால் பாதிக்கப்படுவோருக்குத் தெரிவிப்பது பொது அதிகார அமைப்பின் கடமை என்று அந்தப் பிரிவு சொல்கிறது. மனுவிலேயே காரணத்தை எழுத்தில் கேட்டிருந்தால், அவர்கள் காரணம் சொல்லாதது இப்போது ஆவணத்தில் நிற்கும்.

அடுத்த கதவு ஆட்சியர் தலைமையில் இயங்கும் மாவட்டச் சாலைப் பாதுகாப்புக் குழு. காவல்துறை, நெடுஞ்சாலைத் துறை, உள்ளாட்சி, வட்டாரப் போக்குவரத்து அலுவலகம் ஆகிய எல்லோரும் ஒரே மேசையில் அமரும் இடம் அதுதான் என்பதால், துறைகளுக்கிடையே சிக்கிய மனுவுக்கு இதைவிடப் பொருத்தமான இடம் இல்லை. கோயம்புத்தூரைச் சேர்ந்த எலும்பு மருத்துவர் எஸ். ராஜசேகரன் தொடுத்த பொதுநல வழக்கில், உச்ச நீதிமன்றம் 2014இல் சாலைப் பாதுகாப்புக்கெனக் குழு ஒன்றை அமைத்ததும், 2017 நவம்பரில் மாவட்டக் குழுக்கள் முறையாக இயங்க வேண்டுமென்று உத்தரவிட்டதும் இந்தக் குழுக்களுக்கு வலுச் சேர்த்தன. உங்கள் இடத்தைக் கூட்டப் பொருளில் சேர்க்கக் கோருங்கள். கூட்டம் முடிந்தபின் நடவடிக்கைக் குறிப்பின் நகலைக் கேளுங்கள். ஊராட்சிப் பகுதியில் இருப்பவர்களுக்குக் கிராம சபைத் தீர்மானமும், நகர்ப்புறத்தில் பகுதி சபையும் அந்தக் கோரிக்கைக்குத் துணை ஆவணங்களாகும்.

2019இல் மோட்டார் வாகனச் சட்டத்தில் சேர்க்கப்பட்ட பிரிவு 198ஏ, சாலையின் வடிவமைப்பிலோ பராமரிப்பிலோ தரநிலைகளைப் பின்பற்றாததால் உயிரிழப்போ ஊனமோ நேர்ந்தால், பொறுப்பான அமைப்புக்கும் ஒப்பந்ததாரருக்கும் 1 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்க வழிசெய்கிறது. முதல் மனுவிலேயே இதை எழுதினால் மிரட்டலாகத் தோன்றும். ஆபத்தை எழுத்தில் தெரிவித்த பிறகும் அசைவில்லாத நிலையில், மூன்றாவது கடிதத்தில் ஒரே வரியாகக் குறிப்பிடுவது போதும். உயர் நீதிமன்றத்தில் நீதிப்பேராணை கோருவது கடைசி வழி. அங்கே பெரும்பாலும் கிடைப்பது ‘மனுவை இத்தனை வாரத்துக்குள் பரிசீலித்து முடிவெடுக்கவும்’ என்ற உத்தரவே. வேகத்தடை வேண்டுமா இல்லையா என்பதை நீதிமன்றம் தானாகத் தீர்மானிப்பது அரிது. ஆகையால் கோப்பு முழுமையாக இல்லாமல் அங்கே போவதில் பயன் குறைவு.

வேலை நடந்த பிறகும் ஒரு வேலை மீதம் இருக்கிறது. வேகத்தடை போடப்பட்டிருந்தால் அளவு நாடாவால் அகலத்தையும் உயரத்தையும் பாருங்கள். கறுப்பு வெள்ளைப் பட்டைகளும் முன்னெச்சரிக்கைப் பலகையும் இருக்கின்றனவா என்று பாருங்கள். பட்டை தீட்டாத வேகத்தடை இரவில் விபத்தையே உண்டாக்கும். குறை இருந்தால் ஒப்பந்ததாரர் தம் செலவிலேயே குறைகளைச் சரிசெய்ய வேண்டிய குறைபாட்டுப் பொறுப்புக் காலம் முடியும் முன்பே, பணியாணையின் எண்ணைக் குறிப்பிட்டு உதவிப் பொறியாளருக்கு எழுதிவிடுங்கள். அந்தக் காலத்துக்குள் சரிசெய்வதற்குப் புதிய மதிப்பீடோ புதிய நிதியோ தேவைப்படாது.